புதன்கிழமை மட்டும்

காங்கயம் அரசு ஆஸ்பத்திரியில்
சீட்டுப் பதிகிற ஜன்னல் என்னுடையது.
ஒப்பந்த வேலை.
கண்ணாடியில் அரைவட்ட ஓட்டை,
அதில் முதலில் கை வரும்,
முகம் பிறகுதான்.

ஒரு கையை எனக்குத் தெரியும்.
தேங்காய்க் களத்தில் தொட்டி பெயர்க்கிற கை,
பெருவிரலில் பாதி நகம்,
எண்ணெய் ஏறி மினுங்கும் உள்ளங்கை.
பேர் கேட்டால்
சென்னியப்பனுங்க என்று தரையிடம் சொல்வார்.

ஆடியில் வயிறு.
கார்த்திகையில் புருவத்துக்கு மேல் நாலு தையல்,
வழுக்கிப்போச்சுங்க.
தை நோம்பி கழிந்து கால் வீக்கம்.
அப்புறம் பல். அப்புறம் தூக்கமில்லை.
ஒருமுறையும் அவர் அதைச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
வாடை மட்டும் ஓட்டை வழியே வந்து
கீபோர்டு மேல் உட்கார்ந்திருக்கும்.

தையல் போட்ட அன்று அவர் மனைவி அமராவதி
கண்ணாடியோடு வாயை ஒட்டிச் சொன்னாள்:
"குடிச்சிருந்தாருன்னு மட்டும் எழுதிப்போடாதீங்க கண்ணு,
இன்சூரன்ஸ்ல கழிச்சுப்போடுவாங்களாமா."
கீழே விழுந்தார் என்று எழுதினேன்.
இந்தத் தாலூக்காவில் ஆம்பளைகள்
விழுந்துகொண்டே இருக்கிறார்கள்.
பதிவேட்டின்படி
குற்றவாளி தரைதான்.

அவள் வேறு ஜன்னல்களுக்கும் போயிருக்கிறாள்.
மகளிர் ஸ்டேஷனில் ஒரு மனு ரசீது,
பையனை விடுதியில் சேர்க்க ஒரு விண்ணப்பம்,
எல்லாம் உரச்சாக்கில் தைத்த ஒரே பையில்.
ஒரு ஜன்னல்
இன்னொரு ஜன்னலைப் பார்த்ததே இல்லை.

பங்குனியில் ஒரு வியாழன், எட்டே கால்.
ஓட்டையில் வந்த கை நடுங்கியது.
வாடை இல்லை. சவரம் செய்த முகம்.
"நிறுத்தோணுங்க.
அதுக்கு எந்தச் சீட்டுங்க?"

பட்டியலை மேலும் கீழும் உருட்டினேன்.
காய்ச்சல், நாய்க்கடி, கர்ப்பம், கண்.
மனநல டாக்டர் திருப்பூரிலிருந்து
புதன்கிழமை மட்டும் வருவார்.
நேற்றுத்தான் வந்து போனார்.
அடுத்த புதன் வாங்க என்றேன்.
நல்ல வார்த்தை சொன்ன மாதிரிதான் இருந்தது.
"செரிங்க" என்று விரல் மடித்து எண்ணினார்,
ஒரு கை போதாமல்
அடுத்த கையிலும் ஒன்று.

மத்தியானம் கூட்டமில்லை.
பழைய பதிவுகளில் அவரைத் தேடினேன்.
சென்னியப்பன், சின்னியப்பன், ஜென்னியப்பன்,
ஒன்றில் வெறும் அப்பன்.
வயது நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை.
ஒன்பது எண்கள், ஒன்பது நோயாளிகள்,
ஒன்பது பேருக்கும் ஒரே செல்போன்.
ஒவ்வொருவராக இழுத்து ஒரே ஆளாக்கினேன்.
அதற்கு எனக்கு அதிகாரம் கிடையாது.

சனி ராத்திரி நூற்றியெட்டு வண்டி இறக்கியது.
களத்து வாசலில் வலிப்பு.
இரவுப் பணிப் பையன் பதிந்திருந்தான்:
பெயர் தெரியாத ஆண், ஐம்பது.
பத்தாவது.

திங்கள் காலை அமராவதி வந்தாள்.
சண்டைக்கு வந்தாலாவது தேவலை.
"நீங்க புதங்கெழமை வரச் சொன்னீங்களாமா,
அதுவரைக்கும் தொடக்கூடாதுன்னு
அடியோட நிறுத்திப்போட்டாருங்க.
சோறே எறங்கல.
செவுத்துல எறும்பு போவுதுன்னு
வெரல்ல தள்ளிக்கிட்டே இருந்தாருங்க."

திடுதிப்பென்று விடக்கூடாது,
மருந்தோடுதான் விடவேண்டும் என்று
வார்டு நர்ஸ் பிறகு சொன்னாள்.
என் ஜன்னலில் எழுதியிருப்பது:
வரிசையில் வரவும்.

புதன், பத்து மணி ஐந்து நிமிடம்.
டாக்டரின் கார் உள்ளே திரும்பியது.
காரணம் என்ற கட்டத்தில்
நிறுத்தோணுங்க என்று தட்டினேன்.
கம்ப்யூட்டர் ஏற்கவில்லை.
பேனாவில் எழுதினேன்.
சீட்டை எடுத்துக்கொண்டு நானே மாடி ஏறினேன்.
வரிசை கத்துவது
இரண்டாவது படிக்கட்டு வரை கேட்டது.

கட்டிலோடு துணிப்பட்டை போட்டுக் கட்டிய கை.
ஆள் தூக்கத்தில்.
அந்தப் பாதி நகம் மட்டும்
எறும்பைத் தள்ளிக்கொண்டிருந்தது.